அம்மாவின் டி.எஸ்.எச். 14: தைராக்சின் தொடங்குவதா, காத்திருப்பதா, புற்றுநோய் மருந்தை நிறுத்துவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் என் அம்மாவுக்கு 63 வயது. நெடுநாள் சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து ஈரல் சுருக்கத்தில் கொண்டுவிட்டு, அந்தச் சுருங்கிய ஈரலில் புற்றுக்கட்டியும் தோன்றியது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் முதலில் கட்டிக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சையைச் செய்தார்கள். சில மாதங்களில் கட்டி மறுபடியும் வளர்ந்தபோது லென்வாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரையைத் தொடங்கினார்கள். மாத்திரை தொடங்கிய ஏழாவது வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 14 என்று வந்தது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி, தைராய்டை ஏவுவதற்காகச் சுரக்கும் ஹார்மோன் டி.எஸ்.எச். தைராய்டு குறைந்தால் அது கூடும்.

அன்று மாலையே வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. தைராய்டைக் கெடுக்கிற மருந்தை முதலில் நிறுத்துங்கள் என்றார் மாமா. ஏற்கெனவே வேளைக்கு ஒரு கைப்பிடி மாத்திரை விழுங்குகிறவளுக்கு இன்னொன்று எதற்கு, ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போமே என்றார் சித்தி. தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்சின் மாத்திரையை உடனே தொடங்கிவிட வேண்டும் என்பது என் எண்ணமாக இருந்தது. நான் மருத்துவர் அல்லேன். பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறவள். ஆயினும் அடுத்த பத்து நாள்களில் மருத்துவர்களிடம் கேட்டதையும் படித்ததையும் கொண்டு இந்த மூன்று வழிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இதே இடத்தில் வந்து நிற்கப்போகும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அதை முழுமையாக எழுதுகிறேன்.

ஈரலும் தைராய்டும் ஒன்றையொன்று நம்பி இயங்கும் உறுப்புகள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தைராய்டுச் சுரப்பி பெரும்பாலும் டி4 (தைராக்சின்) என்ற வடிவில்தான் தன் ஹார்மோனை வெளியிடுகிறது. உடல் உண்மையில் பயன்படுத்துவது டி3 என்ற வடிவம். டி4-ஐ டி3 ஆக மாற்றும் வேலையில் ஈரலுக்குப் பெரும்பங்கு உண்டு. இரத்தத்தில் இந்த ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதங்களை உண்டாக்குவதும் ஈரல்தான். ஆகவே ஈரல் நோயுற்றால் தைராய்டு நன்றாக இருந்தாலும் பரிசோதனை எண்கள் மாறித் தெரியும். முற்றிய ஈரல் சுருக்கத்தில் டி3 குறைவாக வருவது மிகச் சாதாரணம். அது பெரும்பாலும் நோயின் கடுமையைக் காட்டும் அடையாளமே தவிர, டி3 மாத்திரை கொடுத்துச் சரிசெய்ய வேண்டிய குறை அன்று.

எதிர்த்திசையிலும் இந்த உறவு உண்டு. லென்வாட்டினிப், சோராஃபெனிப் ஆகிய மருந்துகள் கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுத்து வேலை செய்கின்றன. தைராய்டோ உடம்பிலேயே அடர்த்தியான நுண் இரத்தக்குழாய்கள் கொண்ட சுரப்பிகளில் ஒன்று. கட்டியைப் பட்டினி போடும் மருந்து அந்தச் சுரப்பியையும் ஓரளவு பட்டினி போட்டுவிடுகிறது. இவ்விரண்டு மருந்துகளும் முற்றிய தைராய்டுப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படுகின்றன என்பதை அறிந்தபோது, அம்மாவின் அறிக்கையில் வந்த அந்த எண் எனக்கு அவ்வளவு வியப்பாகத் தோன்றவில்லை.

எந்த எண்ணை நம்புவது

மூன்று வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் "தைராய்டு டெஸ்ட்" என்று கேட்டோம். அவர்கள் வழக்கம்போல டி3, டி4, டி.எஸ்.எச். மூன்றையும் சேர்த்துச் செய்து கொடுத்தார்கள். அதில் டி4 இயல்பு அளவுக்குள் இருந்தது. டி4 சரியாகத்தானே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அங்கிருந்தவர் சொல்லி அனுப்பினார். அந்த டி4 மொத்த அளவு, அதாவது புரதத்தோடு ஒட்டியிருப்பதும் ஒட்டாமல் இருப்பதும் சேர்ந்த கணக்கு. ஈரல் அழற்சியிலும் ஈரல் புற்றுநோயிலும் தைராக்சினைச் சுமக்கும் புரதம் இரத்தத்தில் கூடிவிடுவதுண்டு. அப்போது உடலுக்குப் பயன்படும் ஹார்மோன் குறைந்திருந்தாலும் மொத்தக் கணக்கு நிறைவாகத் தெரியும். புதுச்சேரி மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்ததும் "ஃப்ரீ டி4 எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். புரதத்தோடு ஒட்டாத டி4-ஐ மட்டும் அளக்கும் அந்தப் பரிசோதனையை எடுத்தபோது அது இயல்பின் கீழ் எல்லைக்கும் கீழே இருந்தது. ஈரல் நோய் உள்ளவருக்கு டி.எஸ்.எச்.சும் ஃப்ரீ டி4-உம் சேர்ந்துதான் பொருள் தரும். இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண் செலவு என்று நான் இனி ஒருநாளும் நினைக்கமாட்டேன்.

மருத்துவர் வேறு இரண்டு கேள்விகளும் கேட்டார். அம்மா முடி உதிர்வதற்காக ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது ஒன்று. முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் மிக அதிக அளவில் இருக்கும். சில பரிசோதனைக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டிவிடும் என்பதால், இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டுமாம். இரத்தக்குழாயை அடைத்த சிகிச்சை எப்போது நடந்தது என்பது மற்றொன்று. அதில் செலுத்தப்படும் லிப்பியோடால் என்ற எண்ணெயின் எடையில் ஏறக்குறைய 38 விழுக்காடு அயோடின். அவ்வளவு அயோடின் ஒரே நாளில் உடலுக்குள் போனால் தைராய்டு சில வாரங்கள் தடுமாறக்கூடும். சி.டி. ஸ்கேனுக்கு ஊசி வழியாக ஏற்றும் மருந்திலும் அயோடின் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தச் சிகிச்சை நடந்து நான்கு மாதமாகிவிட்டது. முடி மாத்திரையும் இல்லை. ஆகவே 14 என்பது மெய்யான எண்ணாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம்.

மருந்தை நிறுத்துவது

மாமா சொன்ன வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மூன்றிலும் மனத்துக்கு எளிதாகப் படுவது அதுதான்: எது கெடுக்கிறதோ அதை விட்டுவிடு. ஆனால் எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். லென்வாட்டினிப்பையும் சோராஃபெனிப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ரிஃப்ளெக்ட் ஆய்வில் 954 பேர் பங்கேற்றார்கள். முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. லென்வாட்டினிப் எடுத்தவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 13.6 மாதம், சோராஃபெனிப் எடுத்தவர்களுடையது 12.3 மாதம். கட்டி வளராமல் நின்ற காலம் முன்னதில் 7.4 மாதம், பின்னதில் 3.7 மாதம். லென்வாட்டினிப் பிரிவில் 16 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைந்தது. சோராஃபெனிப் பிரிவில் 2 விழுக்காட்டினருக்கு மட்டுமே. எனவே இது அரிதாக நேரும் விபத்து அன்று, எதிர்பார்க்கப்படும் விளைவு. லென்வாட்டினிப் தொடங்கும் முன்பும், தொடங்கிய பின் மாதந்தோறும் தைராய்டைப் பார்க்க வேண்டும் என்று மருந்தின் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. குறைந்தால் ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்து ஈடுசெய்யவும் அது சொல்கிறது.

இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறினாலோ, சிறுநீரில் புரதம் மிகுதியாகப் போனாலோ, ஈரல் நோயால் நினைவு தடுமாறினாலோ மருந்தை நிறுத்திவைக்கிறார்கள். அதற்குத் தக்க காரணம் உண்டு. தைராய்டு குறைவை ஒரு மாத்திரையால் முழுமையாக ஈடுகட்ட முடியும். கட்டியின் வளர்ச்சியைத் தடுக்க அம்மாவிடம் இருந்த கருவிகளோ மிகச் சில. ஈடுகட்டக்கூடியதைக் காப்பாற்றுவதற்காக ஈடுகட்ட முடியாததை விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த மாத்திரைதான் அவளுக்குக் கவசம், இது கவசத்தோட கனம்" என்றார்.

காத்திருப்பது

சித்தி சொன்னதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. டி.எஸ்.எச். சற்றே கூடியிருப்பவர் எல்லோருக்கும் மாத்திரை தேவையில்லை என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஐரோப்பாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து நடத்தி 2017-இல் வெளியான டிரஸ்ட் ஆய்வில், டி.எஸ்.எச். கூடியும் ஃப்ரீ டி4 இயல்பாகவும் இருந்தவர்களுக்குத் தைராக்சின் கொடுத்தும் சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. பெருநோயிலிருந்து மீண்டுவரும் ஒருவருக்கு டி.எஸ்.எச். தற்காலிகமாக 20 வரைகூட ஏறித் தானாக இறங்குவதும் உண்டு. ஒருவர் நிமோனியாவிலிருந்தோ வயிற்று நீரில் ஏற்பட்ட தொற்றிலிருந்தோ இப்போதுதான் எழுந்திருக்கிறார் என்றால், ஒரு எண்ணைப் பார்த்து உடனே மாத்திரை தொடங்குவதைவிட நான்கு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே நேர்மையான மருத்துவம். டி.எஸ்.எச். 5-க்கும் 10-க்கும் இடையில், ஃப்ரீ டி4 இயல்பாக, உடலில் தொல்லை ஏதுமில்லாமல் இருந்திருந்தால் நானும் சித்தியின் பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஆனால் அம்மாவின் நிலை அதுவாக இல்லை. எண் 10-ஐத் தாண்டிவிட்டது, ஃப்ரீ டி4 குறைந்துவிட்டது, அதற்குக் காரணமான மருந்து நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. மருந்து தொடரும்வரை இந்த எண் தானாக இறங்க வழியில்லை.

காத்திருப்பதற்கு ஒரு முன்நிபந்தனையும் உண்டு: குறித்த நாளில் திரும்பிப் போக முடிய வேண்டும். எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் அந்த உறுதியை யாரும் கொடுக்க முடியாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும், அடுத்து வந்த நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகள் மூழ்கியபோதும், சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்குப் போக வேண்டிய பலர் வீட்டிலேயே சிக்கிக்கொண்டார்கள். இரெட்டிச்சாவடி, முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று அந்த இருபது சொச்சம் கிலோமீட்டர் சாலை நல்ல நாளில் ஒரு மணி நேரம். மழை நாளில் அது எவ்வளவு தொலைவு என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பரிசோதனையைத் தள்ளிப்போடுவதாக இருந்தால் அதை மழைக்காலத்துக்குள் தள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தள்ள நேர்ந்தால் இரத்தத்தையாவது கடலூரிலேயே கொடுத்து, அறிக்கையைக் கைப்பேசியில் அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தொடங்குவது

இனி என் பக்கத்து வழி. எனக்கு எதிரான வாதத்தையே முதலில் சொல்கிறேன்: ஈரல் நோயாளியின் உடலில் தைராய்டு குறைவைக் கண்டுபிடிப்பதே கடினம், ஏனெனில் இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்று. அம்மா சோர்ந்து படுத்தே கிடந்தார். புற்றுநோய்க்கும் சோர்வு உண்டு, மருந்துக்கும் உண்டு. கால் வீங்கியிருந்தது, ஈரல் உண்டாக்கும் ஆல்புமின் புரதம் குறைந்தாலும் வீங்கும். குரல் கம்மிப்போயிருந்தது; லென்வாட்டினிப் எடுப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் குரல் கம்முவதுண்டு. வைகாசி வெயிலில் போர்வை கேட்டதும், நான்கு நாளாக மலம் கழியாமல் இருந்ததும்தான் எனக்கு உறுத்தின. அந்த மருந்து பெரும்பாலும் வயிற்றுப்போக்கைத்தான் தரும். அதை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு மலச்சிக்கல் வந்தால் தைராய்டைச் சந்தேகப்பட இடமிருக்கிறது.

இந்த மலச்சிக்கலை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈரல் சுருங்கியவருக்கு மலம் தேங்கினால் குடலில் உண்டாகும் அம்மோனியா இரத்தத்தில் ஏறி, பகலில் தூக்கம், பேச்சில் குழப்பம், கைநடுக்கம் என்று மூளையைத் தாக்கும். தைராய்டு குறைவு குடலை மெதுவாக்கி அந்த ஆபத்துக்கு வழிவிடுகிறது. சோர்வுதானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் இந்த ஒரு தொடர்பையாவது மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இதயத்தின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. ஈ.சி.ஜி.யில் கியூ.டி. என்று அளக்கும் இடைவெளியை லென்வாட்டினிப்பும் நீட்டக்கூடும், கடுமையான தைராய்டு குறைவும் நீட்டக்கூடும்; இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்பு தடம்புரள இடமாகும். அம்மாவுக்கு மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஈ.சி.ஜி. எடுத்தது இதற்காகத்தான்.

"உடனே" என்று நான் சொன்னதில் ஒரு பிழை இருந்ததை மருத்துவர்தான் திருத்தினார். தைராக்சின் தொடங்குவதற்கு முன் கார்ட்டிசால் என்ற அட்ரீனல் ஹார்மோனின் காலை நேரத்து அளவைப் பார்ப்பது நல்லது என்றார். அட்ரீனல் சுரப்பியோ அதை ஏவும் பிட்யூட்டரியோ கெட்டிருக்கும் ஒருவருக்குத் தைராக்சினை மட்டும் கொடுத்தால், உடலில் மிச்சமிருக்கும் கார்ட்டிசால் வேகமாகச் செலவழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோய் எதிர்ப்பு அணுக்களைக் கட்டியின் மேல் ஏவும் புற்றுநோய் ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். அவர்களில் சிலருக்கு பிட்யூட்டரியே அழற்சியுறும். ஃப்ரீ டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். ஏறாமல் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டுமாம். அம்மாவுக்குக் கார்ட்டிசால் சரியாக இருந்தது. நல்ல உடலுக்கு முழு அளவு எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பார்கள். வயதையும் இதயத்தையும் எண்ணி 25 மைக்ரோகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 50 ஆக்கினார்கள்.

அஞ்ச வேண்டியதும் வேண்டாததும்

தைராக்சின் கட்டியை வளர்க்குமா என்ற கேள்வி என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. படித்தவற்றில் இரண்டு பக்கமும் செய்தி இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் புற்றணுக்களில் டி4 அணுவின் மேற்பரப்பில் உள்ள ஒருவகைப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தூண்டுவது காட்டப்பட்டிருக்கிறது. ஈரல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்த ஆஸ்திரிய மருத்துவர்கள், ஃப்ரீ டி4 கூடுதலாக இருந்தவர்களின் வாழ்நாள் குறைவாக இருந்ததாக எழுதினார்கள். இத்தாலியில் எலிகளை வைத்து நடந்த ஆய்வுகளிலோ, டி3 கொடுத்தபோது ஈரலில் புற்றாக மாறக் காத்திருந்த முடிச்சுகள் சுருங்கின.

இவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு எது உண்மை என்று தேடுவதைவிட, அம்மாவுக்கு எது பொருந்தும் என்று கேட்பதே முறை என்று தோன்றியது. குறைந்துபோன ஹார்மோனை இயல்புக்குக் கொண்டுவருவதும், இயல்பாக இருப்பதை அதற்கு மேல் ஏற்றுவதும் இருவேறு செயல்கள். ஆஸ்திரிய ஆய்வு பேசுவது கூடுதலாக இருந்தவர்களைப் பற்றி. அம்மாவுக்கு இருந்ததோ பற்றாக்குறை. ஆகவே டி.எஸ்.எச்.சை இயல்புக்குள் கொண்டுவருவது போதும், அதற்குக் கீழே இறக்க வேண்டாம் என்பதில் மருத்துவரும் நானும் ஒத்துப்போனோம்.

தைராய்டு குறைவது நல்ல அறிகுறி, மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்றும் சிலர் ஆறுதல் சொல்வார்கள். இம்மருந்துகளால் தைராய்டு குறைந்தவர்கள் நெடுநாள் வாழ்ந்ததாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் நெடுநாள் வாழ்ந்தவர்தானே மருந்தையும் நெடுநாள் எடுத்திருப்பார், தைராய்டு குறையவும் அவருக்குத்தானே அவகாசம் இருந்திருக்கும்? அந்தக் குழப்பம் நீங்கும்வரை இதை ஆறுதலாக மட்டும் வைத்துக்கொண்டு, குறையைக் குறையென்றே கண்டு சரிசெய்ய வேண்டும்.

மருந்தையே மாற்றினால் என்ன

நிறுத்த வேண்டாம், தைராய்டைத் தொடாத வேறு மருந்துக்கு மாறலாமே என்று ஒரு நான்காம் வழியும் பேச்சில் வந்தது. சோராஃபெனிப் தைராய்டுக்கு மென்மையானது என்பதை மேலே சொன்ன எண்களே காட்டுகின்றன. இந்த மருந்து நம் மக்களுக்கு எட்டியதற்குப் பின்னால் ஒரு பெரிய போராட்டம் இருக்கிறது: பேயர் நிறுவனம் மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய்க்கு விற்றதை, காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதமின்றியே தயாரிக்க விடும் கட்டாய உரிமம் இந்தியாவில் முதன்முதலாக 2012 மார்ச்சில் வழங்கப்பட்டபோது, அதன் கீழ் நாட்கோ நிறுவனம் 8,800 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ஆயினும் அதற்கு மாறினால் அம்மா இழப்பது அதிகம். ரிஃப்ளெக்ட் ஆய்வில் கட்டி சுருங்கியவர்கள் லென்வாட்டினிப்பில் 24 விழுக்காடு, சோராஃபெனிப்பில் 9 விழுக்காடு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து கொப்புளிக்கும் தொல்லை முன்னதில் 27 விழுக்காடு, பின்னதில் 52 விழுக்காடு. அடுப்படியில் நின்றே பழகிய அம்மாவுக்கு உள்ளங்கால் தோலுரிவது ஒரு சிறிய மாத்திரையைவிடப் பெரிய சுமை. லென்வாட்டினிப்பில் இரத்த அழுத்தம் கூடுவது அதிகம் என்பதும் உண்மைதான். அதற்கு வீட்டிலேயே கருவி வாங்கிவைத்து நாள்தோறும் அளக்கிறோம்.

மேலே சொன்ன நோய் எதிர்ப்பு ஊசி வகையைச் சேர்ந்த அட்டிசோலிசுமாப், இரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஆகிய இரண்டையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியாக ஏற்றும் முறை 2020-இல் வந்தது. ஐஎம்பிரேவ்150 ஆய்வில் அதன் இடைநிலை வாழ்நாள் 19.2 மாதம், சோராஃபெனிப்புக்கு 13.4 மாதம். செலவைத் தாங்க முடிந்து, உணவுக்குழாயில் புடைத்த இரத்தக்குழாய்களை எண்டோஸ்கோப்பியில் பார்த்துச் சரிசெய்த பிறகு, பலருக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது அதுவே. எங்களால் இலட்சங்களில் அந்தச் செலவைத் தாங்க இயலவில்லை என்பதை வெட்கமின்றி எழுதுகிறேன். தைராய்டின் பக்கமிருந்து பார்த்தால் இந்த ஊசிகளும் தீங்கற்றவை அல்ல. நோய் எதிர்ப்பு அணுக்கள் தைராய்டைத் தாக்கும்போது அதில் சேமித்திருந்த ஹார்மோன் ஒரேயடியாகக் கசிந்து முதலில் சில வாரம் மிகையாகும். பிறகு சுரப்பி வற்றிப்போய்ப் பலருக்கு நிரந்தரக் குறைவாகும். அந்த முதற்கட்டத்தில் வர வேண்டிய படபடப்பு ஈரல் சுருக்க நோயாளிகளிடம் வெளியே தெரியாமல் போகலாம், ஏனெனில் இரத்த வாந்தியைத் தடுப்பதற்காக அவர்களில் பலர் புரோபிரனோலால் அல்லது கார்வெடிலால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். துடிப்பை அடக்குகிற அந்த மாத்திரை எச்சரிக்கை மணியையும் அடக்கிவிடுகிறது. காரணம் புரியாமல் எடை குறைந்தால் துடிப்பை நம்பாமல் இரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணி, 54 கிலோ எடைக்குரிய 8 மில்லிகிராம் லென்வாட்டினிப்பைத் தொடர்ந்தபடியே தைராக்சினைச் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். கடினமாக இருந்தது காலைக் காபிதான். வெறும் வயிற்றில் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. அம்மாவுக்கு எழுதியிருந்த இரும்பு மாத்திரையை மதியத்துக்கு மாற்றினோம். வயிற்றுப் புண்ணுக்கான பான்டோபிரசோலும் தைராக்சின் ஏறுவதைச் சற்றுக் குறைக்கும் என்பதால், அதை மாற்றாமல் தைராக்சின் அளவைப் பரிசோதனைக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வதாக மருத்துவர் சொன்னார். தைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும். ஆகவே வெள்ளத்தில் இரண்டொரு நாள் தவறினால் பதற வேண்டியதில்லை. அதே காரணத்தால், அளவை மாற்றிய ஆறு வாரத்துக்குள் அவசரப்பட்டுப் பரிசோதித்தால் சரியான விடையும் கிடைக்காது. எட்டாம் வாரம் டி.எஸ்.எச். 6.1 ஆக இறங்கியிருந்தது, மாத்திரையை 62.5 மைக்ரோகிராமாக்கினார்கள். போர்வை கேட்பது நின்றுவிட்டது, மலச்சிக்கலும் தீர்ந்தது. சோர்வு ஓரளவுதான் குறைந்தது; மிச்சச் சோர்வு நோயுடையது.

சித்தியின் கேள்வி

இத்தனை நாளும் அம்மாவுக்காகப் பேசிய சித்தி, ஒருநாள் தயங்கித் தயங்கித் தன்னைப் பற்றிக் கேட்டார். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டாகத் தைராய்டு குறைவு. நாள்தோறும் 75 மைக்ரோகிராம் எடுக்கிறார். தைராய்டு குறைந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வருமாமே என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அக்காவின் நிலையைக் கண்முன் பார்ப்பவருக்கு அந்தப் பயம் வருவது இயல்பு.

சொன்னவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து 2009-இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுக்கு மேல் தைராய்டு குறைவு இருந்த பெண்களிடம் ஈரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது. தைராய்டு குறைந்தால் ஈரலில் கொழுப்பு எரிவது குறைந்து அது தேங்கும். கொழுப்பு தேங்கிய ஈரல் சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, சுருங்கும். எனினும் அது நோயாளிகளையும் நலமாக இருந்தவர்களையும் பின்னோக்கி ஒப்பிட்ட ஆய்வு, காரணத்தை நிறுவாது. நம் நாட்டில் ஓராண்டில் ஒரு இலட்சம் பெண்களில் ஈரல் புற்றுநோய் வருபவர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. அது இரண்டு மூன்று மடங்கானாலும் பெரும்பாலோருக்கு வரப்போவதில்லை. 2013-இல் வெளியான எட்டு நகர ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு உண்டு. அத்தனை பேரையும் இந்த அச்சத்தில் தள்ளுவது நியாயமாகாது.

சித்தியின் முன்னும் மூன்று வழிகள் இருந்தன. ஈரலைக் காக்கும் என்று நம்பித் தைராக்சினைக் கூட்டிக்கொள்வது ஒன்று. ஈரலில் உள்ள தைராய்டு ஏற்பியை மட்டும் தூண்டும் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்துக்கு, கொழுப்பு ஈரல் அழற்சியில் தழும்பு உண்டானவர்களுக்காக 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்திருப்பது உண்மை. ஆனால் தைராக்சின் இதயத்தையும் எலும்பையும் சேர்த்தே தூண்டும். தேவைக்கு மேல் எடுத்தால் துடிப்பு ஒழுங்கற்றுப்போகும், எலும்பு தேயும். ஆகவே அந்த வழியை உடனே மூடினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்வது அடுத்த வழி. ஈரல் சுருங்கியவருக்கும் ஹெப்படைட்டிஸ் பி தொற்றுள்ள பலருக்கும் அது கட்டாயம், மற்றவருக்கு வீண் அலைச்சலும் வீண் கவலையும்தான்.

மூன்றாவது, ஈரலில் தழும்பு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் மலிவாகக் கணித்துக்கொள்வது. ஃபிப்-4 என்ற கணக்குக்கு வயதும், எல்.எஃப்.டி. என்ற ஈரல் பரிசோதனையில் வரும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற நொதிகளின் எண்களும், பிளேட்லெட் எண்ணிக்கையும் போதும். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, அதைப் பிளேட்லெட்டின் ஆயிரக் கணக்கையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். சித்திக்கு வயது 56, ஏ.எஸ்.டி. 28, ஏ.எல்.டி. 30, பிளேட்லெட் 2,40,000. விடை 1.19. நடுவயதினருக்கு 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு, கூடினால்தான் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். ஹெப்படைட்டிஸ் பி, சி பரிசோதனைகளை ஒருமுறை செய்தோம், இரண்டும் இல்லை. அவருக்குச் சர்க்கரையும் இல்லாததால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டால் போதும் என்றார் மருத்துவர். சித்தி அந்த 1.19-ஐத் தன் மாத்திரை டப்பாவின் மூடியில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்.